வெல்லத்தில் வைத்துக் கொடுத்த மாத்திரை

என் தம்பி பொண்டாட்டி உண்ணாமலையைப் பத்திக் கேக்கறீங்க, சொல்றேன். ஆனா நடுவுல "ஐயோ, தெரியாமத்தானே செஞ்சீங்க"ன்னு எனக்குப் பரிஞ்சுக்கிட்டு வராதீங்க. எனக்குக் கெட்ட கோவம் வரும்.

தொண்டூர்ல பொண்ணு எடுத்தோம். வந்த அன்னிக்கே எனக்கு அவளைப் பிடிக்கல. குறை சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல. வாய் பேசமாட்டா, வேலைன்னா சலிக்கமாட்டா. ஆனா நான் புருஷன் செத்து, வயித்துல ஒண்ணு பொறக்காம, செஞ்சியில தாய் வீட்டுக்கே திரும்பி வந்து ஆறு வருஷம் ஆயிருந்துச்சு. அவ வந்த பத்தாம் மாசம் பொண்ணு பெத்துட்டா. மீனம்பாள்னு எங்க அம்மா பேரையே வெச்சாங்க. பால் குடிக்கற நேரம் போக அந்தக் கொழந்தை என் இடுப்புலதான் இருந்துச்சு. என் வயித்தெரிச்சல் எங்கேருந்து வந்துச்சுன்னு இப்ப உங்களுக்கே புரியும்.

தம்பி தனகோட்டி பஜார்ல மல்லாட்டை மண்டியில மூட்டை எடை போடறவன். நீங்க வேர்க்கடலைன்னு சொல்றீங்களே, அதான். வெதைக்கு வேண்டிய மல்லாட்டையை வீட்டுக்கு எடுத்தாந்து போடுவான், உண்ணாமலை உடைப்பா. வெதைப் பருப்புன்னா மேல் தோல் கீறக்கூடாது, கீறினா மொளைக்காது. அவ தலையைக்கூட குனியமாட்டா. என்னோட பேச்சு வாங்கிக்கினே கட்டை விரலால ஒரு அமுக்கு, பருப்பு அப்படியே முழுசா விழும். நானும் உடைச்சுப் பாத்தேன், பாதிக்குப் பாதி பாழ்.

இந்திச் சண்டைன்னு பள்ளிக்கூடம் எல்லாம் மூடினாங்களே, அந்த வருஷம் அவளுக்கு இருமல் வந்துச்சு. சளியில ரத்தம். ஆஸ்பத்திரியில படம் எடுத்துப் பாத்துட்டு காசம்னாங்க. மாத்திரை வாங்க நான்தான் கூடப் போனேன். மருந்து குடுக்கறவரு பெரிய மாத்திரையைக் காட்டி, "இது நோவுக்கு"ன்னாரு. சின்னதைக் காட்டி, "இது சத்துக்கு. ரெண்டையும் நீதாம்மா முழுங்கணும், ஒரு நாளு தவறக்கூடாது"ன்னாரு. என் காதாலயும்தான் கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வாய் சும்மா இருந்துச்சா? மீனம்பாளுக்கு அப்போ நாலு வயசு முடிஞ்சிருந்துச்சு, எலும்பும் தோலுமா இருப்பா. "உன் நோவு இதுக்கும் ஒட்டிக்கினா உன்னை உயிரோட விடமாட்டேன்டி"ன்னேன். மறுநாள்லேருந்து அந்தச் சத்து மாத்திரை அவ வாய்க்குப் போகல. பொடி பண்ணி, வெல்லத்துல வெச்சு, தினம் காலையில கொழந்தை வாய்க்குப் போச்சு. எனக்கு அப்போ தெரியாது. மறைச்சு வெச்சுக் கதை சொல்ல எனக்கு வராது, அதான் முன்னாடியே சொல்லிட்டேன்.

நாலு மாசத்துல இருமல் நின்னுடுச்சு. கன்னம்கூட கொஞ்சம் உப்பி வந்துச்சு. ஆனா, "கால்ல எறும்பு ஊருது அண்ணி, ஒதறினாலும் போகல"ன்னு சொல்ல ஆரம்பிச்சா. வேலைக்குச் சாக்குன்னு நெனைச்சேன். ஒரு நாளு பஜாருக்குப் போயிட்டு ஒத்தைச் செருப்போட வந்து நிக்கறா. இன்னொண்ணு எங்கடீன்னா குனிஞ்சு பாக்கறா. கழண்டு விழுந்ததே அவளுக்குத் தெரியல. மல்லாட்டைப் பருப்புத் தோலும் கீற ஆரம்பிச்சுது. தம்பி மண்டியில ஏச்சு வாங்கிக்கினு வந்தான்.

அப்புறம் ஆடி மாசத்துல, கொதிக்கற சோத்துப் பானையைத் துணி இல்லாம ரெண்டு கையால தூக்கி எறக்கினா. மொகம் சுளிக்கல. கையைப் பாத்தா பட்டை பட்டையா கொப்புளம். வாசலுக்கு ஓடி, "ஐயையோ, இவளுக்குப் பெருவியாதி! மரத்துப் போச்சு, பெருவியாதி!"ன்னு கத்தினேன். தெருவே கேட்டுச்சு. எதிர் வூட்டுக்காரி தன் புள்ளைங்களைப் பிடிச்சு உள்ள இழுத்துக்கினா. காசம்னாகூட ஊர்ல பொறுத்துக்குவாங்க. குஷ்டம்னு ஒரு வார்த்தை வெளியில போயிட்டா அதைத் திரும்ப எடுக்க முடியுமா?

"மண்டியில தெரிஞ்சா என்னை உள்ள விடமாட்டாங்கக்கா"ன்னு தம்பி அழுதான். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போய்க் காட்டலாம்னு அவனுக்கும் தோணல, எனக்கும் தோணல. போனா ஊருக்கே உறுதி ஆயிடும்னு பயம். தொண்டூர்ல அவ அண்ணன் வீட்டுல கொண்டு விடறதுன்னு முடிவு பண்ணோம்.

அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "மீனாவை மட்டும் எங்கிட்டேருந்து பிரிக்காதீங்க அண்ணி. தொடமாட்டேன். தூர நின்னு பாத்துக்கினு இருக்கறேன்." முடியாதுன்னேன். அப்போ மடியிலேருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்தா. உள்ள சின்ன மாத்திரைங்க. "இதையாவது தினம் ஒண்ணு வெல்லத்துல வெச்சுக் குடுங்க. இதைத் தின்னுதான் கொஞ்சம் தேறி இருக்கறா"ன்னா. "நோவுக்காரி மாத்திரையை என் கொழந்தைக்கா?"ன்னு பிடுங்கி சாக்கடையில கொட்டினேன். அப்பவாவது என் மண்டையில உறைச்சிருக்கணும். எங்க உறைச்சுது, பாவி எனக்கு!

அங்க அவளை மாட்டுக்கொட்டாய்ல வெச்சிருந்தாங்க. இங்க கொழந்தை பத்து நாளு அம்மா அம்மான்னு அழுதுச்சு. அழுகையை நிறுத்த நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். "அம்மாவைத் தொட்டா விரலெல்லாம் உதுந்து போயிடும்"ன்னேன். விரலை ஒண்ணொண்ணா மடக்கி, இது போச்சு, இது போச்சுன்னு காட்டினேன். கொழந்தை அழுகையை நிறுத்திடுச்சு. அப்புறம் அது அம்மாவைக் கேக்கவே இல்ல. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு, பொய் சொல்லமாட்டேன்.

ஏழு மாசம் கழிச்சு மாசியில அவ அண்ணன் அவளைக் கூட்டிக்கினு வந்து எங்க வாசல்ல நின்னான். வெளியூர்ல குஷ்டத்துக்குன்னே இருக்கற ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிருக்கறான். அங்க டாக்டரு உடம்புல தேமல் இருக்குதான்னு பாத்து, ஊசியால குத்திப் பாத்து, ஒரே நாள்ல சொல்லிட்டாராம், இது குஷ்டமே இல்லைன்னு. இன்னா மருந்து சாப்பிட்டேன்னு கேட்டிருக்கறாரு. காச மாத்திரைன்னு சொல்லியிருக்கறா. கூட ஒரு சின்ன மாத்திரை குடுத்திருப்பாங்களேன்னாராம். கொழந்தைக்குக் குடுத்துட்டேன்னு சொன்னாளாம்.

"அந்தப் பெரிய மாத்திரை காசத்தைக் கொல்லும். ஆனா நரம்புக்கு வேண்டிய சத்தையும் இழுத்துக்கும். அதை ஈடு கட்டத்தான் சின்னது. இத்தனை மாசம் தின்னாததால நரம்பு பட்டுப் போச்சு. இப்பத் தின்னாலும் முழுசா திரும்பாதாம்"னு சொல்லிட்டு அவ அண்ணன் என்னைப் பாத்தான். "ஏழு மாசம் மாட்டோட கட்டிப் போட்டோமே, எதுக்கு?"ன்னான். நான் செவுத்தைப் பாத்துக்கினு நின்னேன். தனகோட்டி உள்ள போயிட்டான்.

உண்ணாமலை இதெல்லாம் காதுல வாங்கல. "மீனா"ன்னு கையை நீட்டினா. கொழந்தை என் பின்னாடி ஒளிஞ்சுக்கினு, ரெண்டு கையையும் அக்குள்ல சொருகிக்கிச்சு. விரலை மறைச்சுக்கினு நின்னுச்சுங்க! "போடி கண்ணு, அத்தை சொன்னது பொய்யி"ன்னேன். நான் சொன்ன நிஜத்தை அது நம்பல. பொய்யைத்தான் நம்பிச்சு.

அவ வற்புறுத்தல. அன்னியிலேருந்து அவ இருக்கற பக்கம் கொழந்தை வராது, வந்தாலும் நாலு முழம் தள்ளி நிக்கும். அவ மறுபடி மல்லாட்டை உடைக்க உக்காந்தா. இப்போ ஒவ்வொண்ணையும் கண்ணால பாத்துப் பாத்துத்தான் உடைக்கணும், விரலுக்கு ஒண்ணும் தெரியாது.

சித்திரை மாசம், காலையில பத்து மணி இருக்கும். அவ கூடத்துல குனிஞ்சு உடைச்சுக்கினு இருக்கறா, காலைப் பின்னாடி மடக்கி வெச்சிருக்கறா. நான் அடுப்பண்டை இருந்து பாக்கறேன். மீனம்பாள் ஒவ்வொரு அடியா அவ பின்னாடி வந்துச்சு. நின்னுச்சு. ஒத்தை விரலை நீட்டி அம்மா உள்ளங்காலைத் தொட்டுச்சு. எடுக்கல, கொஞ்ச நேரம் அப்படியே வெச்சிருந்துச்சு. அவ மல்லாட்டை உடைச்சுக்கினே இருந்தா.

கொழந்தை எங்கிட்ட ஓடி வந்துடுச்சு. "அத்தை, நான் தொட்டேன். அம்மா திரும்பியே பாக்கல. அம்மாவுக்கு என்மேல கோவம்"ன்னுச்சு. எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். அஞ்சு வயசுக்கு நரம்பைப் பத்தி இன்னா புரியும்? அப்புறம் அது அந்தப் பக்கம் போகவே இல்ல.

நான் போயி அவ எதிர்ல உக்காந்தேன். என் வாழ்க்கையில முதல் தடவையா அவளை ஏசாம பேசினேன். "உண்ணாமலை, இப்ப உன் பொண்ணு வந்து உன் காலைத் தொட்டுச்சுடி"ன்னேன்.

கையிலிருந்த மல்லாட்டையைக் கீழ போட்டா. ரெண்டு காலையும் முன்னாடி இழுத்து வெச்சுக்கினு, மாத்தி மாத்திப் பாத்தா.

"எந்தக் காலு அண்ணி?"ன்னா.