என் மனையில் யாரோ கட்டிய தகடு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தீபாவளி முடிந்து மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடம், மேடவாக்கத்தைத் தாண்டி, காப்புக்காட்டை ஒட்டிப் போட்டிருந்த ஒரு மனைப்பிரிவு. அப்போது அங்கே அடுக்குமாடிகளும் கிடையாது, தண்ணீர் லாரிகளும் கிடையாது. காரை முள், கள்ளி, எல்லைக்கல், ஞாயிறு தவறாமல் வந்து நிற்கும் எங்களைப் போன்ற பைத்தியங்கள். அவ்வளவுதான்.

அந்தப் பைத்தியத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கிழக்குத் தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, மனைவியின் வளையல்களை விற்று அங்கே அரை கிரவுண்டு வாங்கியிருந்தேன். ஒரே மனையை இரண்டு மூன்று பேருக்கு விற்கிற மகான்கள் உலவிய காலம் அது. அதனால் மனை வாங்கிய எல்லோரும் வாரம் ஒருமுறை போய், அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவோம். கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். பிறகு இடுப்பில் கைவைத்துச் சும்மா நிற்போம். “மனைக்குக் கால் முளைச்சு ஓடியா போயிடும்?” என்பாள் மனைவி. ஓடும். என் ஆபீஸ் நண்பர் ஒருவரின் மனை அப்படித்தான் ஓடிப்போய் வேறொருவர் பெயரில் உட்கார்ந்துகொண்டது. எனவே பட்டா நகல் எப்போதும் என் டிபன் பையிலேயே இருக்கும். அதில் சர்வே எண்மீது ஒருமுறை சாம்பார் சிந்தி, எண் போய் வாசனை மட்டும் மிஞ்சியிருந்தது.

அன்று என் மனையின் மூலைக்கல்லுக்கு மேலே, காரைப் புதரில் படர்ந்திருந்த ஒரு கொடியில், பளபளவென்று ஒரு சின்ன அலுமினியத் தகடு கம்பியால் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஏதோ எழுத்தும் எண்ணும் பொறித்திருந்தன. 

பக்கத்து மனைக்காரரைக் கூப்பிட்டேன். பல்லாவரத்தில் பந்தல் காண்ட்ராக்ட் எடுப்பவர். ஆறடி உயரம், அதற்கேற்ற மீசை. சந்தேகப்படுவதில் எனக்கே அண்ணன். கிட்டே வராமல் எட்டி நின்று பார்த்தார்.

“இன்னா சார் இது, தகடு கட்டிகீது? சூனியமா இருக்குமோ?”

“சூனியத் தகடுன்னா செம்புல இல்ல இருக்கும் அண்ணா?”

“விலைவாசி ஏறிப்போச்சில்ல. அலுமினியத்துல முடிச்சிட்டான் போல.”

ஆனால் எண் எதற்கு? சூனியக்காரன் எண் போட்டுக் கணக்கு வைத்துக்கொள்ள மாட்டான். அளந்து, அடையாளம் வைத்து, ஆள் இல்லாத நேரத்தில் வேலி போடுகிறவன்தான் எண் போடுவான். கும்பலாக வந்து நிலத்தை வளைக்கப் போகிறார்கள் என்று முடிவு கட்டினோம். தகட்டைக் கழற்றவில்லை. கழற்றினால் அவன் உஷாராகிவிடுவான் என்றார் அண்ணன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமாம்.

அடுத்த ஞாயிறு ஒரு பனைமரத்தின் பின்னால் இருவரும் ஒளிந்துகொண்டோம். அவரை மறைக்க ஒரு பனை போதாது என்பதை நான் சொல்லவில்லை. என் கையில் அரிவாள். அதை வைத்து அதுவரை முருங்கைக்காய்கூட நறுக்கியதில்லை.

வெயில் ஏறியபோது ஒரு டிவிஎஸ் மொபெட் வந்து நின்றது. இறங்கியவர் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, கால்களில் கேன்வாஸ் ஷூ, தோளில் ஜோல்னாப் பை. நேராக என் மூலைக்கல்லுக்குப் போனார். கொடியை அளந்தார். ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார், துப்பினார். பிறகு பையிலிருந்து ஒரு சின்ன சீசாவை எடுத்து, அதிலிருந்த வெள்ளைப் பொடியை நாக்கில் கொட்டிக்கொண்டு, கண்ணை மூடினார். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அண்ணன் என் தோளைக் கிள்ளினார். “பிரௌன் சுகர் சார். நம்ம மனையில குந்திகினு பிரௌன் சுகர் அடிக்குது.”

“வெள்ளையா இருக்கே அண்ணா?”

“சலவை பண்ண சரக்கு.”

இதற்கு மேல் பொறுப்பது தேசத்துரோகம் என்று தோன்றியது. மரத்துக்குப் பின்னாலிருந்து பாய்ந்தேன். பாய்ந்தது நான்தான், ஆனால் முதலில் பேசியது அவர்.

“ஓ, நீங்கதானா அது?”

நாங்கள் சொல்ல வேண்டிய வசனத்தை அவர் சொல்லிவிட்டார். 

“மொதல்ல அந்த அருவாளைக் கீழ போடுங்க. பொழிச்சலூர் பக்கம் ஒரு மேட்டுல இருந்த கொடியெல்லாம் போன மாசம் வேரோட காணோம். மூட்டை கட்டி வித்துட்டாங்க. இப்ப இங்கயும் வந்துட்டீங்களா?”

“ஏம்மா, இது என் மனை!”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

டிபன் பையைத் திறந்து பட்டா நகலை நீட்டினேன். அவர் கல்லூரி அடையாள அட்டையை நீட்டினார். மூலிகைச் செடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் தாவரவியல்காரராம். அவர் பட்டாவை வெயிலில் தூக்கிப் பிடித்து முத்திரையைப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். நான் அட்டையின் புகைப்படத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். படத்தில் இருந்தவர் முற்றிலும் வேறு ஆள் போலிருந்தார். நிஜமான அட்டைதான்.

கொடியின் பெயர் சிறுகுறிஞ்சான். சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வார்கள். ஒவ்வொரு கொடிக்கும் எண் போட்டுத் தகடு கட்டியது அவர்தானாம். இலையை மென்றால் கொஞ்ச நேரத்துக்கு நாக்கில் இனிப்பே தெரியாது என்றார். சீசாவில் இருந்தது சாதாரண ரேஷன் சர்க்கரை.

“நம்ப மாட்டீங்கன்னா நீங்களே மென்னு பாருங்க சார்.”

தெரியாத பெண், தெரியாத இலை. மயக்கம் போட்டு விழுந்ததும் கட்டைவிரலைப் பிடித்துப் பத்திரத்தில் உருட்டிவிட்டால்? வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு மென்றேன். வேப்பிலைக்குத் தம்பி போல ஒரு கசப்பு. துப்பிவிட்டு, அவர் தந்த சர்க்கரையை வாயில் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது மணல். பாலாற்று மணலை அள்ளிப் போட்டது போல நறநறவென்று இருந்தது.

“நாக்கு செத்துப்போச்சு அண்ணா!” என்று அலறினேன்.

அந்தப் பெண் அதைப் பொருட்படுத்தாமல், பாதையோரம் தகடு கட்டியிருந்த வேறொரு கொடியில் ஓர் இலை கிள்ளி அண்ணனிடம் தந்தார். அவரும் மென்றார், சர்க்கரை போட்டுக்கொண்டார், நாக்கைச் சுழற்றினார்.

“எனக்கு இனிக்குதே. கொஞ்சம் மந்தமா கீது, ஆனா இனிக்குது. இன்னா சார், நடிக்கிறியா நீ?”

“நீங்கதான் நடிக்கிறீங்க!”

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றோம். அந்தப் பெண் முதல்முறையாகச் சிரித்தார்.

“ரெண்டு பேர் சொல்றதும் நெஜம்தான். பார்க்கத்தான் ரெண்டும் ஒண்ணு. விதையில வந்த ஒவ்வொரு கொடியும் தனி ஆளு. ஒரே அம்மா வயித்துப் புள்ளைங்க ஒரே மாதிரியா இருக்கு? வண்டலூர்ல இருந்து இங்க வரைக்கும் நான் மென்னு பார்த்ததுல உங்க மூலைக் கொடிதான் சார் ரொம்ப வீரியம்.”

என்னமோ அதை நான் பெற்று வளர்த்தது போல நெஞ்சு நிமிர்ந்தது. “அப்ப இது ஒண்ணை மட்டும் பத்திரமா வெச்சுக்க வேண்டியதுதானே மேடம்? ஏன் ரோட்டோரத்துல கிடக்கிற சோப்ளாங்கிக்கெல்லாம் தகடு?”

“உங்க மனைப்பிரிவுல எல்லாரும் உங்களை மாதிரியே இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.”

யோசித்தேன். ஒருவனும் வீடு கட்ட மாட்டான். எல்லோரும் பனைமரத்தின் பின்னால் நிற்போம்.

“அதேதான். வீரியம் கம்மியா இருக்கறது மழையில்லாத வருஷத்துல தாக்குப்பிடிக்கலாம். இன்னொண்ணு பூச்சிக்கு அசராம நிக்கலாம். எது எப்ப வேணும்னு யாருக்குத் தெரியும்? அதனால எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் விதை வேணும்.”

சிக்கல் அந்த விதையில்தான் இருந்தது. கொடியில் பச்சைக் காய்கள் சின்ன ஈட்டிமுனைகள் போலத் தொங்கிக்கொண்டிருந்தன. அவை முற்றி வெடிக்க மாசி ஆகும். எங்கள் மனைச் சங்கமோ, புதர் இருந்தால் எவனாவது குடிசை போடுவான் என்று பயந்து, அடுத்த மாதம் மொத்த இடத்தையும் புல்டோசர் விட்டு வழிக்க ஏற்பாடு செய்திருந்தது. “மாசி வரைக்கும் அந்த மூலையை மட்டும் விட்டு வைங்க சார். பொழிச்சலூர்ல விதை எடுக்கறதுக்குள்ள போயிடுச்சு. இதுவும் போனா இந்த வகை திரும்பக் கிடைக்குமான்னு தெரியல” என்றார். கையெழுத்து எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

வீட்டில் சொன்னேன். “கொடியைத்தானே கேட்டாங்க? மனையையா கேட்டாங்க?” என்றாள் மனைவி. கொடியில் ஆரம்பித்துத்தான் மனைக்கு வருவார்கள் என்றேன். “வளையல் என்னோடது. கொடி நிக்கட்டும்” என்றாள். தீர்ப்பு வந்துவிட்டது.

புல்டோசர் வந்தது. மொட்டையடித்த தலையில் குடுமி போல என் மூலை மட்டும் நின்றது. இப்போது சங்கத்துக்காரர்கள் என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். “அங்க என்ன சார் வெச்சிருக்கீங்க, புதையலா?” என்று ஒருவர் கேட்டார். பக்கத்து மனையை மடக்கத் திட்டம் என்று இன்னொருவர் என் காதுபடவே சொன்னார். சந்தேகப்படுவது எவ்வளவு சுகமோ, சந்தேகத்துக்கு ஆளாவது அவ்வளவு அரிப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்காக அந்தப் பெண்ணைச் சந்தேகப்படுவதை நான் நிறுத்திவிடவில்லை. தை பிறந்ததும், ஒரு புதன்கிழமை வந்து காய்களுக்குத் துணிப்பை கட்டப்போவதாக அவர் சொல்லியிருந்தார். ஏன் புதன்? ஆபீஸ் நாளில் ஏன்? லீவு போட்டுவிட்டு, சொல்லாமல் கிளம்பினேன்.

தூரத்தில் வரும்போதே கொடி ஆடுவது தெரிந்தது. காற்று இல்லை. பக்கத்தில் மொபெட்டும் இல்லை. குடையை ஓங்கிக்கொண்டு பூனை போலப் போனேன்.

அண்ணன். கையில் கோணிப்பை. எட்டிய மட்டும் இலையை உருவிவிட்டு, எட்டாததை இழுப்பதற்காகக் கொடியின் அடித்தண்டில் அரிவாளை வைத்திருந்தார்.

“அண்ணா, அறுக்காதீங்க! காய் இன்னும் முத்தல!”

ஒரு கொடிக்காக இப்படிக் கத்துவேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அரிவாள் தண்டில் பட்டும் படாமல் நின்றது. நான் யாருடன் சேர்ந்து காவல் காத்தேனோ அவரே திருடன்!

“விக்கறீங்களா அண்ணா?”

“சீ, வாயை மூடு சார்.” ஆறடி மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். இடது பாதத்தில் கட்டு போட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். “எனக்கு சக்கரை. வூட்ல கூட சொல்லல. ஊசி போட்டுக்கணும்ன்றாரு டாக்டரு. ஊசின்னா எனக்கு பேஜார் சார், கண்ணு இருட்டிகினு வருது. ரோட்டோரத்து இலை எனக்கு இனிச்சிச்சே. உன்னோடதுதான் பவரு. அத்த துன்னா ஊசி வாணாம்னு பார்த்தேன்.”

ஞாயிறுதோறும் என் முன்னால் டீக்கடையில் அவர் “சக்கரை தூக்கலா” என்று சத்தமாகக் கேட்டு வாங்கிக் குடித்தது ஏன் என்பது புரிந்தது. ஓங்கிய குடையை மடக்கினேன். அந்த நேரத்தில் மொபெட் சத்தம் கேட்டது.

அவர் வந்தார். உருவிய கொடியைப் பார்த்தார், கோணியைப் பார்த்தார், அரிவாளைப் பார்த்தார்.  வெடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். தண்டைத் தடவிப் பார்த்தார். மேலே தொங்கிய காய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் இருந்தன. பிறகு அண்ணன் எதிரே குந்தி உட்கார்ந்து, காலைக் காட்டி, “இந்தப் புண்ணு எவ்வளவு நாளா ஆறாம இருக்கு?” என்று கேட்டார்.

அண்ணன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். 

“இலை இலைதான், ஊசி ஊசிதான் அண்ணா. இதை நம்பி அதை விட்டா கால் போயிடும். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. இவரு கூட வருவாரு.”

என்னைக் கேட்காமலேயே சொன்னார். போனேன். ஊசி போடும்போது அண்ணன் என் கையைப் பிடித்த பிடியில் எனக்குத்தான் சிகிச்சை தேவைப்பட்டது. கால் பிழைத்தது. அந்த வாரமே தன் கொட்டகையிலிருந்து மூங்கில்களைக் கொண்டுவந்து கொடியைச் சுற்றி வேலி கட்டினார். சங்கத்துக்காரர்கள் கேட்டதற்கு, “கல்யாணம் கீது. பத்திரிகை வரும், போ” என்றார்.

மாசியில் ஒருநாள் மூவரும் போனோம். துணிப்பைக்குள் வெடித்த காய்களை அந்தப் பெண் பத்திரமாக எடுத்துக்கொண்டார். மற்ற இடங்களில் எடுத்ததோடு சேர்த்துக் கல்லூரித் தோட்டத்தில் போடுவாராம். பாதிக் காய்களுக்குப் பை கட்டவேயில்லை. ஏன் என்று கேட்டேன். “அது காத்தோட பங்கு சார்” என்றார்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு காய் பிளந்தது. வெள்ளைப் பட்டு முடியோடு விதைகள் எழும்பின. அண்ணன் மனைக்கு மேலே ஒன்று, என்னைப் புதையல்காரன் என்றவர் மனைக்கு மேலே ஒன்று, மிச்சமெல்லாம் காப்புக்காட்டுப் பக்கம். எந்த எல்லைக்கல்லையும் அவை கேட்கவில்லை. அண்ணன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைவிடப் பெரிதாகப் பிளந்திருந்தேன் போலிருக்கிறது, ஒரு விதை உள்ளே போய்த் தும்மல் வந்துவிட்டது.

அந்த மனையில் வீடு கட்டிப் பல வருடம் ஆகிவிட்டது. சந்தேகம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. காஸ் சிலிண்டர் கொண்டுவருபவரைக்கூட மேலும் கீழும் பார்க்கிறேன். ஆனால் அப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் மறைந்து நின்று அரிவாளைத் தேடுவேன்; அந்த மாசி மாதத்துக்குப் பிறகு, சந்தேகப்பட்டுக்கொண்டே போய் கேட்டைத் திறந்துவிடுகிறேன்.