வராமல் போன ‘பி’

அந்த மடிக்கணினியில் இரண்டு எழுத்துகளின் மேல் மட்டும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். டயாலிசிஸ் நிலையத்தில் ஊசியை எடுத்த பிறகு பஞ்சின் மேல் ஒட்டுவார்களே, அந்தக் காகிதப் பிளாஸ்திரி. ஒன்றின் மேல் ‘ஏ’ என்றும் மற்றதன் மேல் ‘பி’ என்றும் நீல மையில் பெரிதாக எழுதியிருக்கும். என் விரல் நடுங்கிப் பக்கத்து எழுத்தில் பட்டுவிடக் கூடாது என்று டாக்டரே ஒட்டியது. இப்போது அது கிள்ளானில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. மகள் அதில்தான் கல்லூரிப் பாடங்களை எழுதுகிறாள். பிளாஸ்திரியின் ஓரங்கள் அழுக்கேறிச் சுருண்டுவிட்டன. பிய்த்துவிடட்டுமா என்று அவள் கேட்கும்போதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

அவர் ஊசி போடும் டாக்டர் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டுக் கதவில் பட்டத்தோடு பெயரை மாட்டிய நாளிலிருந்து தலைவலி, சர்க்கரை என்று யாராவது வந்து தட்டிக்கொண்டே இருந்தார்களாம். “நான் வானத்துக் கல்லைப் பார்க்கிற டாக்டர் ஆன்ட்டி” என்று ஒரு மூதாட்டியிடம் சொன்னால், “எனக்கும் கல்லுதாம்மா, கிட்னியில” என்று அவர் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் டாக்டர். அப்படிச் சிரித்தவருக்கே இரண்டு சிறுநீரகங்களும் போனது அதற்கு அப்புறம். நான் டயாலிசிஸுக்கு, ரத்தம் கழுவப் போகிறவர்களை வேனில் ஏற்றி இறக்குகிறவன். வாரம் மூன்று நாள் அவரை வீட்டு வாசலில் ஏற்றி நிலையத்தில் விட்டு, முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. சுபாங் ஜெயாவில் ஒரு தம்பி இருந்தார், அவ்வளவுதான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். படிவம் இரண்டோடு, பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு போர்ட் கிள்ளானில் லோரி ஏறியவன். வேன் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன், பாதி வழியில் மறுபடியும் சந்தேகம் வரும். “கவலைப்பட ஒண்ணும் இல்லன்னா, ஏன் ஒண்ணும் இல்லன்னு கவலைப்படுற ஆளு நீங்க” என்பாள் மனைவி. அப்படிப்பட்டவனின் கையில் டாக்டர் ஏன் அந்த ஏ, பி அழுத்துகிற வேலையைக் கொடுத்தார் என்று நானும் யோசித்திருக்கிறேன். பக்கத்தில் வேறு யாரும் இல்லை என்பதுதான் காரணம். அதைவிடப் பெரிதாக எதையும் நான் நினைத்துக்கொள்ளவில்லை.

சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும் சிறுகோள்கள் எவ்வளவு பிரகாசமாக இருக்கின்றன என்று அளப்பது அவர் வேலை. நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தில் அல்ல. சிவப்புக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு எட்டாமல் ஒரு வெளிச்சம் உண்டு. அகச்சிவப்பு என்பார்கள். அதில் சிவப்பை ஒட்டியிருக்கிற பகுதியில்தான் அவர் அளப்பார். தொலைநோக்கியில் மூன்று வடிகட்டிக் கண்ணாடிகளை மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொன்றிலும் கல் எவ்வளவு ஒளிர்கிறது என்று பார்த்தால், அது கரி மாதிரியான கல்லா, இரும்பா, சாதாரணப் பாறையா என்று ஓரளவு சொல்லிவிடலாமாம். சிக்கல் என்னவென்றால், அந்த வெளிச்சத்தில் வானமே ஒளிரும். கல் அதில் மூழ்கிக் கிடக்கும். அதனால் ஓர் இடத்தில் வைத்து ஒரு படம், அது ஏ. தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம், அது பி. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வானம் போய்விடும், கல் மட்டும் மிஞ்சும்.

“லோரியைச் சரக்கோட ஒரு தடவை நிறுத்துவோம், சரக்கை இறக்கிட்டு வெறும் லோரியை ஒரு தடவை நிறுத்துவோம். அந்த மாதிரியா டாக்டர்?” என்று எடைமேடையை நினைத்துக் கேட்டேன்.

“அதேதான் அண்ணே. ஆனா உங்க லோரி நிமிஷத்துக்கு நிமிஷம் எடை மாறும்னு வச்சுக்குங்க. அப்ப என்ன செய்வீங்க?”

“வேலைய விட்டுடுவேன்.”

வேன் குலுங்கச் சிரித்தார். வானம் அப்படித்தான் மாறிக்கொண்டே இருக்குமாம். அதனால் ஒவ்வொரு ஏ-வுக்கும் உடனே ஒரு பி வேண்டும். முன்னிரவில் எடுத்த பி பின்னிரவுக்கு உதவாது.

ஒரே கூட்டத்தைச் சேர்ந்த கற்களைப் பல வருடங்களாக ஒவ்வொன்றாக அளந்து வந்திருந்தார். ஒன்று மட்டும் பாக்கி. சின்னக் கல். எப்போதும் தூரத்தில் மங்கிக் கிடப்பது, அந்த வருடம் பூமிக்குக் கொஞ்சம் கிட்டே வந்து விலகிக்கொண்டிருந்தது. இன்னும் சில வாரம் போனால் அவருக்குக் கிடைக்கக்கூடிய எந்தத் தொலைநோக்கிக்கும் எட்டாது. பல்கலைக்கழக ஒப்பந்தமும் அந்த வருடத்தோடு முடிகிறது. மாற்றுச் சிறுநீரகத்துக்கு எழுதி வைத்த பெயர் நகரவே இல்லை. “இதை அளந்துட்டா வேலைய முடிச்சிட்டேன்னு இருக்கும் அண்ணே. இல்லன்னா பாதியில விட்டுட்டுப் போன மாதிரி” என்றார் ஒருநாள். அந்தப் ‘போன’ என்ற சொல் என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை.

தொலைநோக்கி உலகத்தின் மறுகோடியில், ஏதோ ஒரு மலைமேல் இருந்தது. அங்கே இரவென்றால் நமக்குப் பகல். மடிக்கணினி வழியே இங்கிருந்தே அதை இயக்கலாம், அங்கே ஓர் ஆள் துணைக்கு இருப்பார். முதலில் கிடைத்த நாளுக்காக டாக்டர் டயாலிசிஸைத் தள்ளிப்போட்டார். அன்று பார்த்து அந்த மலையை மேகம் மூடிக்கொண்டது. மறுநாள் மூச்சு முட்டி, முகம் வீங்கி, அவரை நான் கைத்தாங்கலாக வேனில் ஏற்றினேன். நிலையத்து சிஸ்டர் பிடித்த பிடியில் எனக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. இரண்டாவதும் கடைசியுமான வாய்ப்பும் டயாலிசிஸ் நாளிலேயே வந்தபோது, இனித் தள்ளிப்போட முடியாது என்பது டாக்டருக்கே தெரிந்திருந்தது. ஊசி ஏறிய கை அசையக் கூடாது. இன்னொரு கையால் கல்லைப் பின்தொடர வேண்டும், கண்ணாடியை மாற்றும்படி அங்கே எழுத வேண்டும், படத்தைச் சரிபார்க்க வேண்டும். ஏ, பி என்று சொல்லும்போது அழுத்த ஓர் ஆள் தேவை.

அன்று காலையிலேயே முன்னேற்பாடுகளைத் தொடங்கிவிட்டேன். நிலையத்து இணையம் விட்டுவிட்டால் என்று என் போனில் டேட்டா போட்டு வைத்தேன், என் போன் செத்துவிட்டால் என்று மனைவியின் போனையும் வாங்கி வந்தேன். “ஏங்க, கல்லு டாக்டருக்கா உங்களுக்கா பரீட்சை?” என்று அவள் கேட்டாள். நாற்காலியில் சாய்ந்திருந்த டாக்டரின் மடியில் தலையணை, அதன்மேல் கணினி, பக்கத்தில் முக்காலியில் நான். அவர் சொல்லச் சொல்ல அழுத்தினேன். ஏ, பி, பி, ஏ. ஏ, பி, பி, ஏ. பக்கத்து நாற்காலியில் இருந்த அங்கிள், “என்ன தம்பி, லாட்டரிக்கு நம்பர் எடுக்கிறீங்களா?” என்றார்.

ஒரு கல் சும்மா போவதில்லை, உருண்டுகொண்டே போகிறது. ஒரு பக்கம் திரும்பும்போது பிரகாசம் ஏறும், மறுபக்கம் இறங்கும். அதனால் முதல் கண்ணாடியில் கொஞ்சம், இரண்டாவதில் கொஞ்சம், மூன்றாவதில் கொஞ்சம், மறுபடி முதலாவது என்று சுற்றிச் சுற்றி வந்தால்தான் கணக்கு நிற்கும். மாணவர்கள் யாராவது ஒரு கண்ணாடியை மொத்தமாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால், டாக்டர் என் வேனில் உட்கார்ந்துகொண்டே போனில் வாங்கு வாங்கென்று வாங்குவார். அன்று அவரே அப்படிச் செய்தார். மூன்றாவது கண்ணாடிதான் பாடாய்ப் படுத்தும். அதில் தொலைநோக்கியின் சூடுகூட வெளிச்சமாகத் தெரியும், நிறையப் படம் எடுக்க வேண்டும். தன் உடம்பு எதுவரை தாங்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. கைக்கு எளிதானதை முதலில் வாங்கிவிடலாம் என்று நினைத்துவிட்டார். கேட்க எனக்கு வாய் வரை வந்தது. நான் யார் கேட்க என்று விழுங்கிக்கொண்டேன்.

மூன்றாவது கண்ணாடி முடிகிற நேரம் டாக்டர் கொட்டாவி விட்டார். டயாலிசிஸில் உட்காருகிறவர்களோடு இருந்தவர்களுக்கு அந்தக் கொட்டாவி என்னவென்று தெரியும். ரத்த அழுத்தம் விழுகிறது. நெற்றி வியர்த்தது, உதடு சாம்பலாகியது, கெண்டைக்கால் சதை சுருண்டு இழுத்தது. இயந்திரம் கத்தத் தொடங்கியதும் சிஸ்டர் ஓடி வந்து நாற்காலியின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினார்.

“போதும் டாக்டர், மூடுங்க. கல்லு எங்கயும் ஓடிப் போயிடாது லா!”

“ஓடுதே சிஸ்டர்,” என்றார் டாக்டர், கண்ணைத் திறக்காமல். “அதானே பிரச்சனை.”

சிஸ்டர் கணினியைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு உப்புநீரை ஏற்றினார். டாக்டரின் கை என் சட்டையைத் தேடிப் பிடித்தது. “அண்ணே... முதல் கண்ணாடி. மறுபடி. ஒரு ஏ, ஒரு பி. அது போதும்.” கடைசியாக முதல் கண்ணாடிக்குத் திரும்பிவிட்டால், இடையில் கல் எவ்வளவு மங்கியது என்று தெரிந்துவிடும், எல்லாவற்றையும் காப்பாற்றிவிடலாம். அது எனக்கே புரிந்தது. திரையின் ஓரத்தில் அங்கிருந்த ஆள் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தார். விடிகிறது, மூடப்போகிறேன் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன். அந்த ஆள்தான் கண்ணாடியை மாற்ற வேண்டும். டாக்டரிடம் கேட்க முடியாது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை ஒரு விரலால் தட்டினேன்: முதல் கண்ணாடி, பிளீஸ் பாஸ்.

உலகத்தின் அந்தப் பக்கத்தில் இருந்த மனிதர் என்ன நினைத்தாரோ, மாற்றினார். ஒன்று எடுக்கலாம், சீக்கிரம் என்பது போல் பதில் வந்தது. ஏ-வை அழுத்தினேன். படம் மெல்ல இறங்கியது. வெறும் சாம்பல் நிறம், வானம் முழுக்க வானம். பி-யை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். மூடி ஆயிற்று, மன்னிக்கவும் என்று வந்தது. பிளாஸ்திரி கசங்கும் வரை அழுத்திக்கொண்டே இருந்தேன். “என்ன அண்ணே, ரெண்டும் வந்துச்சா?” என்று தாழ்ந்து கிடந்த தலை கேட்டது. “ஏ வந்துச்சு டாக்டர்” என்றேன். சிஸ்டர் அவர் காலை நீவிக்கொண்டிருந்தார். நானும் கணினியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ டயாலிசிஸ் நாள்கள் அந்த ஒற்றை ஏ-வோடு போராடினார். முன்பு எடுத்த பி-க்களைக் கழித்துப் பார்த்தார். வானம் அதற்குள் மாறிவிட்டிருந்தது. விடியல் வேறு கலந்திருந்தது. மூன்றாவது கண்ணாடியில் கல் மங்கலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மங்கல் கல்லின் குணமா, இல்லை அந்த நேரத்தில் அது முகத்தைத் திருப்பிக்கொண்டதா என்று சொல்ல வழியே இல்லை. கூட வேலை செய்தவர்கள், இதுவும் மற்றதைப் போலத்தான் இருக்கும், அப்படியே போட்டுவிடுங்கள் என்றார்களாம். “இருக்கும்தான் அண்ணே. ஆனா நான் பார்க்கலையே” என்றார். கட்டுரையில் அந்தக் கல்லுக்கு எதிரே ‘தெரியவில்லை’ என்று போட்டு அனுப்பினார். அனுப்பிய அன்று பங்சார் பக்கம் நெரிசலில் வேன் நின்றபோது, “சுத்திச் சுத்தி எடுத்திருக்கணும்” என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் வீட்டுக் கீழே வேனை நிறுத்தி ஹாரன் அடித்தேன். போன் செய்தேன். மேலே ஏறிப் போய்த் தட்டினேன். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று பிறகு சொன்னார்கள். அன்று அந்த நாற்காலியில் விழுந்த ரத்த அழுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று சிஸ்டரிடம் கேட்டேன். “யாருக்குத் தெரியும் அண்ணே” என்றார். கெட்டிக்காரப் பெண், ஆறுதலுக்குக்கூடப் பொய் சொல்லவில்லை. வேனைப் பூட்டினேனா என்ற கவலையையாவது திரும்பிப் போய்த் தீர்த்துக்கொள்ளலாம். இதற்குத் திரும்பிப் போக இடமில்லை. காரியம் முடிந்த பிறகு டாக்டரின் தம்பி கணினியை என் மகளுக்கென்று கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தக் கல் இப்போது எங்கோ இருட்டில் உருண்டுகொண்டிருக்கிறது. மறுபடி கிட்டே வரும்போது என் மகளுக்குத் தலை நரைத்திருக்கும், நான் இருக்க மாட்டேன். நேற்றுகூட அவள் எதையோ மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். பி-யின் மேல் இருந்த பிளாஸ்திரி ஓரத்தில் தூக்கிக்கொண்டிருந்தது. விரலால் நீவி அழுத்தினேன். அவள் எழுதிய வரியின் நடுவே ஒரு பி போய் விழுந்தது. “அப்பா!” என்று கத்திவிட்டு, அவள் அதை அழித்தாள்.