சாகிற படமா, பிழைக்கிற படமா

தமிழ்ப் படங்களுக்கு மலாய் வசனம் எழுதுவது என் பிழைப்பு. திரைக்கு அடியில் ஓடுமே, அந்த இரண்டு வரிகள். மலாக்காவில் குருபோங்கில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு செய்கிற வேலை. கோலாலம்பூரில் உள்ள கம்பெனி படத்தை அனுப்பும்போது, யாரும் திருடிவிடக் கூடாது என்று தன் பெயரைத் திரையின் நடுவில் பட்டையாகப் போட்டு அனுப்பும். அதனால் இதுவரை எந்தக் கதாநாயகனின் மூக்கையும் நான் சரியாகப் பார்த்ததில்லை.

இதை எங்கள் தாமானில், குடியிருப்பு முழுக்கச் சொன்னாலும் யார் நம்புகிறார்கள்? நான் சினிமாவில் இருக்கிறவள். பாசாரில் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தால்கூட யாராவது வந்து, "ஹீரோ நம்பர் இருக்கா?" என்பார்கள். இல்லை என்றால், "மேனேஜர் நம்பராச்சும் குடுலா." அடுத்தது, "மலாக்காவுக்கு மட்டும் ஏன் ஒரே ஒரு ஹாலு?" நான்தான் படத்தை லாரியில் ஏற்றிவந்து இறக்குகிற மாதிரி. ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கினேன். படத்தை வாங்கி வெளியிடுவது ஒரு கம்பெனி, திரையிடுவது இன்னொன்று, தணிக்கை வேறு இடம், இதில் நான் யாருமே இல்லை. எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சரி, நம்பர்?" என்பார்கள்.

பக்கத்து வீட்டு அக்காவின் கேள்வி மட்டும் தனி. தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிறவர். அவருக்கு உயிரான ஒரு மூத்த நடிகர், கொஞ்ச காலமாக எந்தப் படத்தில் வந்தாலும் கடைசியில் செத்துப்போகிறார்.

"நாள் பூரா நின்னு வேலை பாத்துட்டு, லீவு போட்டு, டிக்கெட் எடுத்துப் போய் அழணுமா? நம்பர் குடு. இனிமே சாகாதீங்கன்னு நானே சொல்லிக்கிறேன்."

நம்பர் இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. அக்கா கொஞ்சம் இறங்கி வந்தார். "அப்ப இத மட்டும் சொல்லு. தீபாவளிக்கு வர்ற படத்துல இருக்காரா, போயிடுறாரா?"

படம் அப்போது என் மேசையில்தான் இருந்தது. போய்விடுகிறார். வெளியே சொன்னால் என் வேலை போய்விடும். அக்காவிடம் சொல்வதும் தாமான் வாட்சாப் குழுவில் போடுவதும் ஒன்றுதான்.

"எனக்கு இன்னும் படம் வரலக்கா."

"மூஞ்சியப் பாத்தா வந்த மாதிரி இருக்கே."

அன்றிலிருந்து ஒளிந்து வாழ்ந்தேன். துணியைக்கூட வீட்டுக்குள்ளேயே காயப்போட்டேன். அக்கா விடுவதாக இல்லை. கேட்டுக்கு மேலாக வடை வந்தது, பிறகு நாசி லெமாக் வந்தது. வெட்கமில்லாமல் எல்லாவற்றையும் சாப்பிட்டேன். வாயை மட்டும் திறக்கவில்லை.

உள்ளே அந்த நடிகர் சாகிற காட்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். குண்டு பட்ட மனுஷனுக்கு அவ்வளவு பேச எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ, ஒரு பக்கத்துக்குப் பேசுகிறார். எனக்கு இருப்பதோ இரண்டு வரி. சுருக்கிச் சுருக்கி, 'பிள்ளைகளைச் சாப்பிடச் சொல்லு, எனக்காகக் காத்திருக்க வேண்டாம்' என்று மலாயில் முடித்தேன். எழுதிவிட்டு நானே அழுதேன். ஆனால் தமிழ்ப் படம் பார்க்க வருகிற தமிழர்கள் இதை எங்கே படிக்கப்போகிறார்கள் என்று எரிச்சலாகவும் இருந்தது.

படம் வந்த முதல் நாளே அக்கா ஷிப்டை மாற்றிக்கொண்டு போனார். மாலையில் என் கேட் அதிர்ந்தது. கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"செத்துட்டாரு."

"தெரியும்கா."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்."

உள்ளே வந்து உட்கார்ந்தார். தேநீர் கொடுத்தேன். முதல் நாள் கூட்டம் அடித்த விசிலில் நடிகர் பேசிய ஒரு சொல்கூடக் காதில் விழவில்லையாம். ஹாலே கீழே ஓடிய மலாயைத்தான் படித்ததாம். பிள்ளைகளைச் சாப்பிடச் சொல்லு என்ற இடத்தில் விசில் அடித்தவர்களே அடங்கிப்போனார்களாம். இத்தனை வருஷத்தில் நான் எழுதியதைப் படித்தேன் என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அக்காதான். எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

அக்கா கோப்பையை வைத்துவிட்டு என்னை முறைத்தார்.

"அவரு என்ன சொன்னாருன்னு ஒருத்தருக்கும் கேக்கல. எல்லாரும் நீ எழுதினதத்தான் நம்பினோம். 'சின்ன காயம்தான், ஆஸ்பத்திரிக்குப் போனா சரியாயிடும்'னு போட்டிருந்தா உனக்கு என்ன கொறைஞ்சு போயிருக்கும்?"