இரண்டு மணித்தியாலம் எங்கே போனது?

லண்டனில் பிளம்பர் வீட்டுக்குள் வந்தால் முதலில் குழாயைப் பார்ப்பதில்லை, மணியைத்தான் பார்ப்பார். போன கிழமை எங்கள் குசினிக் குழாய் ஒழுகியதற்கு வந்தவரும் அப்படித்தான். மிதியடியில் சப்பாத்தைத் துடைத்தார், கைத்தொலைபேசியில் எதையோ அழுத்தினார், அதன் பிறகே "குட் மார்னிங்" சொன்னார். அந்த நிமிடத்திலிருந்து கூலி ஓடத் தொடங்கிவிட்டது என்பது எனக்குத் தெரியும். பழக்கதோஷத்தில் தேநீர் போட்டுக் கொடுத்தேன். வேலைக்கு வந்தவருக்குத் தேநீர் கொடுக்காவிட்டால் எங்கள் ஊரில் அது வீட்டுக்கு மரியாதையில்லை. அவர் மழையைப் பற்றியும் தன் நாயைப் பற்றியும் பேசியபடி ஆறுதலாகக் குடித்தார். தேயிலையும் பாலும் என்னுடையவை, அவர் குடிக்கிற நேரத்துக்குக் காசும் என்னுடையது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். ஒவ்வொரு ஸ்பானரையும் எடுக்கும்போது "இது எதற்கு?" என்று கேட்டேன். கள்ளத்தைக் கண்டுபிடிக்கத்தான் கேட்டேன். மனிதரோ எனக்கு வேலை பழக ஆசை என்று நினைத்துவிட்டார். என்னையும் குனியச் சொல்லி, வாஷர் எது, வால்வு எது என்று ஒவ்வொன்றாகக் காட்டி, "அடுத்த முறை நீங்களே செய்துவிடலாம்" என்று முதுகில் தட்டினார். அந்தப் பாடத்துக்கும் மணி ஓடியது. "கள்ளனைப் பிடிக்கப் போய் டியூசன் காசு கட்டுறீங்க" என்று என் மனைவி ஹோலில் இருந்து சிரித்தாள்.

பிறகு அவர் தெருவில் நின்ற தன் வானுக்குப் போனார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம். திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். உள்ளே இருந்து யாருடனோ தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு கதவுப் பிடியில் கைவைத்துவிட்டேன். "இந்த இருபது நிமிடம் எங்கே போனது?" என்ற கேள்வி நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அங்கேயே நின்றேன். இந்தக் கேள்வியை நான் ஏற்கெனவே ஒருமுறை, ஒரு நல்ல வேலைக்காரனிடம் கேட்டிருக்கிறேன்.

கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் என் ஊரான செட்டிபாளையத்தில் எங்கள் வீடு கடல் பக்கம் இருந்தது. சுனாமி அதன் பின்பாதியை முழுதாகவும் முன்பாதியைக் குறையாகவும் கொண்டுபோனது. உயிர்கள் தப்பியது பெரிய காரியம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். அது அக்காவின் சீதன வீடு, அக்காவுக்குப் பிறகு அவள் மகள் சுகந்தியின் வீடு. எனக்கு அதில் ஒரு கல்லும் சொந்தமில்லை. ஆனாலும் அக்காவின் புருஷன் யுத்தத்தில் முன்பே இல்லாமல் போயிருந்தபடியால், லண்டனிலிருந்து காசு அனுப்பிக் கட்டிக் கொடுக்கிற பொறுப்பு என்னுடையது. அக்காவும் சுகந்தியும் பள்ளிக்கூட முகாமில் இருந்தார்கள். ஊர் மேசன் தேவராசா நாட்சம்பளத்துக்கு வேலையைத் தொடங்கினான். அவனும் வீடு போய்க் கொட்டிலில் இருந்தவன்தான்.

முன் ஹோலும் ஓர் அறையும் எழும்பிய நேரத்தில் எனக்குள் பிசாசு புகுந்தது. சுவிஸிலிருந்து ஒரு நண்பன் தொலைபேசியில், "அங்க மேசன்மார்தான் இப்ப ராசா. நம்மட காசில நித்திரை கொள்றானுகள்" என்றான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்றைக்கே அக்காவை அழைத்து, இனி நாட்சம்பளம் இல்லை, லண்டன் மாதிரி மணித்தியாலக் கணக்குத்தான் என்று சட்டம் போட்டேன்.

"இஞ்ச ஆரும் அப்பிடிக் குடுக்கிறல்ல தம்பி."

"இனிக் குடுக்கட்டும். ஆள் எத்தின மணிக்கு வாறார்?"

"ஏழு மணிக்கே வந்திருவார். சாந்து குழைக்க ஒன்பதாகும். தண்ணி அள்ளிற்றுத்தான் தொடங்குவார்."

"தண்ணி அள்ள ரெண்டு மணித்தியாலமா? எனக்கு விளையாட்டுக் காட்டுறானா? அந்த ரெண்டு மணித்தியாலம் எங்க போகுதெண்டு கேளுங்கக்கா. சாந்து குழைக்கிறதில இருந்து மணியைப் பிடிங்க, தண்ணிக்கு ஒண்டும் குடுக்க வேணாம்."

அக்கா "சரி தம்பி" என்றாள். நான் வெற்றி பெற்றவன்போல் தொலைபேசியை வைத்தேன்.

இத்தனைக்கும் அப்போது நான் வேலை செய்தது ஒரு பெட்ரோல் நிலையத்தில். ஒரு வாகனமும் வராத மணித்தியாலத்தில் கண்ணாடிக்குப் பின்னால் சும்மா நின்றதற்கும் எனக்குச் சம்பளம் வந்தது. அது நியாயமா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஆட்களைச் சந்தேகிக்க நான் ஊரிலேயே பழகிவிட்டேன் என்று இப்போது நினைக்கிறேன். சோதனைச் சாவடியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நின்ற நாட்களில், எத்தனை மணிக்குப் புறப்பட்டாய், இடையில் எங்கே நின்றாய் என்று என்னிடம் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள். அதே கேள்வியைக் கடல் கடந்து தேவராசாவிடம் கேட்டுவிட்டேன்.

வீடு முடிந்தது. கிழக்கில் மறுபடி சண்டை வந்து, பிறகு யுத்தமே முடிந்தது. அதற்கு அடுத்த ஆண்டு சுகந்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். சாப்பிட்டுக் கைகழுவப் பின்பக்கம் போன மாப்பிள்ளையின் மாமி, பின்னறைச் சுவரில் கையை ஊன்றியிருக்கிறா. பூச்சு பொலபொலவென்று உதிர்ந்து அவவின் கையோடு வந்துவிட்டது. வீட்டை நம்பித்தானே எங்கள் பக்கத்தில் கலியாணம். "யோசிச்சுச் சொல்றம்" என்று போனவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா தொலைபேசியில் அழுதாள். தேவராசாவின் சட்டையைப் பிடிக்கிற கோபத்தோடு நான் விமானம் ஏறினேன்.

ஒரே வீடு, ஒரே மேசன். முன்பாதியில் ஒரு கீறல் இல்லை. பின்பாதியில் சுவர் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்து, கதவுக்கு மேல் கொங்கிரீட் வெடித்துத் துருப்பிடித்த கம்பி தெரிந்தது. தேவராசாவைக் கூப்பிட்டு, வேண்டுமென்றேதானே செய்தாய் என்று கேட்டேன்.

அவன் குரலை உயர்த்தவில்லை. "சுனாமியோட உங்கட கிணறு உவராப் போயிற்று அண்ணன். அதில சாந்து குழைச்சா இப்பிடித்தான் வரும். லொறியில வாற பவுசர் தண்ணி குடிக்க மட்டும், அதத் தொட்டா சண்டை. பள்ளிக்குடத்துக் கிணத்தில இருந்து சைக்கிள்ள நாலு நடை ஏத்தினன். அந்த நேரத்துக்குக் காசில்ல எண்டு நீங்க சொன்னீங்க. அதுக்குப் பிறகு உங்கட கிணத்தில அள்ளினன். சரிவராதெண்டு அக்காட்டயும் சொன்னன்."

நான் அக்காவைப் பார்த்தேன். "நீ கோவிப்பாய் எண்டு சொல்லல்ல தம்பி. கிணறு உவரானது உனக்குத் தெரியுமெண்டுதான் நானும் நினைச்சன்."

எனக்குத் தெரியாது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததை யார் தொலைபேசியில் சொல்வார்கள்? நான் லண்டனில் இருந்து மணி பிடித்தபோது என் மனதில் இருந்தது, சுனாமிக்கு முன்பு நான் வாளி போட்டு அள்ளிக் குடித்த கிணறு. அதில் நாலு வாளி அள்ளப் பத்து நிமிடம் போதும்.

சுவரை உடைத்துத் திருப்பிக் கட்டத் தேவராசா சம்மதித்தான். பவுசர் பிடிக்கலாம் என்றாள் அக்கா. நான் கேட்கவில்லை. சைக்கிளில் இரண்டு பக்கமும் கேன் கட்டி, மணல் ஒழுங்கையில் தள்ளிக்கொண்டு, நாலு நடை நானே ஏற்றினேன். கடைசிக் கேனை இறக்கிவைத்ததும், புத்தி போகுமா, மணிக்கூட்டைப் பார்த்தேன். இரண்டு மணித்தியாலமும் இருபது நிமிடமும்.

"இருவது நிமிசம் கூட, அண்ணன்," என்றான் தேவராசா சாந்தைப் புரட்டியபடி. "சம்பளத்தில அத வெட்டணும்."

அந்தச் சுவர் காய்ந்த பிறகு வேறொரு இடத்தில் பொருத்தம் சரிவந்தது. சுகந்தி இப்போது அந்த அறையில்தான் பிள்ளையைத் தூங்கவைக்கிறாள். நான் போனால் முன் ஹோலில் பாய் போடுவார்கள், விருந்தாளிக்குப் போடுவதுபோல.

கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தேன். பிளம்பர் கையில் ஒன்றுமில்லாமல் வானிலிருந்து திரும்பி வந்தார். எங்கே போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததால் சந்தேகம் தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள், அது இப்போதும் இருக்கிறது. வேலை முடித்து அவர் குழாயைத் திறந்துவிட்டார். நான் ஒரு கிளாஸில் பிடித்து, அவர் பார்த்துக்கொண்டிருக்க, நாக்கின் நுனியில் வைத்துப் பார்த்தேன். தன் வேலையில் எனக்கு நம்பிக்கையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, "சுத்தமான தண்ணீர்தான், பயமில்லாமல் குடியுங்கள்" என்றார்.

"உப்பில்ல," என்று அவருக்குத் தமிழில் சொல்லிவிட்டு, முழுவதையும் குடித்தேன்.