கியூவில் பின்னுக்குப் போன யோகராஜா

அச்சுவேலிக்கு அப்பால் இருந்த தன் ஊரில் முதன்முதலாகக் கம்பஸ் வாசல் மிதித்தவன் யோகராஜா. கணிதத்தில் பட்டம் எடுத்தவன். அந்தப் பட்டதாரியை 1993 மே மாத விடுமுறையில் யாராவது தேடியிருந்தால், லண்டனின் கிழக்கு ஓரத்தில், ஒரு பாட்டுத் திருவிழாவின் சேற்றுப் புல்வெளியில், ரோல்ஸ் பொரித்து விற்கிற வான் வண்டிக்குப் பின்னால் அடித்த கூடாரத்துக்குள்தான் கண்டிருப்பார்கள்.

அந்த வண்டி, லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் கடை வைத்திருந்த பஸ்தியாம்பிள்ளையுடையது; விடுமுறைக்கு அவருக்கு உதவிக்கு வந்திருந்தான் யோகராஜா. வசந்தகாலம் என்று பேர்தான். மூச்சு விட்டால் புகை வந்தது. இரவு முழுக்கக் கூடாரத்துணி வேர்த்து, விடியும்போது போர்வை தொப்பலாகிவிடும்.

"ஆமிக்குப் பயந்து காட்டில படுத்தனாங்கள் நாங்கள். இதுகள் டிக்கெட் எடுத்தெல்லோ படுக்குதுகள்!" என்று பஸ்தியாம்பிள்ளை சிரித்தார்.

யோகராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மத்தியானத்துக்குள் அவன் அம்மாவுக்குப் போன் எடுக்கவேண்டும். ஊரில் போன் இல்லை. அதற்காகவே அம்மா ஊரை விட்டு வெளியேற இயக்கத்திடம் பாஸ் எடுத்து, கிளாலிக் கடலை வள்ளத்தில் தாண்டி, வவுனியாவில் தில்லையம்பலம் என்பவருடைய டெலிபோன் கடையில் வந்து காத்திருந்தார். இதை விட்டால் அடுத்த பாஸ் எப்போது கிடைக்குமோ.

அம்மா கேட்க வந்தது ஒரே கேள்வி. தங்கச்சி வசந்தமலருக்குக் கனடா மாப்பிள்ளை ஒருவன் பொருந்தி வந்திருந்தான். ஆனால் அது மாற்றுச் சம்பந்தம். அவனுடைய தங்கை கலாவதியை யோகராஜா கட்டவேண்டும். நடந்தால் இரண்டும் நடக்கும், குழம்பினால் இரண்டும் குழம்பும்.

கலாவதியில் குறை சொல்ல அவனுக்கு ஒன்றும் இல்லை. அவளைத் தெரியவே தெரியாது. ஆனால் வருகிற செப்டெம்பரில் மாஸ்டர்ஸ் படிக்க ஒரு மாலை வகுப்பில் இடம் கிடைத்திருந்தது. பெற்றோல் ஸ்டேஷனில் விடிய விடிய நின்று, கல்லாப் பெட்டிக்குக் கீழே புத்தகத்தை விரித்து வைத்துப் பிடித்த இடம். கலியாணம் என்றால் பெண்ணைக் கூப்பிடவேண்டும், வீடு எடுக்கவேண்டும், இரவுக்கு ஒரு ஷிப்ட், பகலுக்கு ஒரு ஷிப்ட். படிப்பு அவ்வளவுதான். ஓம் என்றால் அது போச்சு. இல்லை என்றால் தங்கச்சியின் வாழ்க்கை போச்சு.

அந்தப் புல்வெளி முழுவதற்கும் வாசலடியில் இருந்த இரண்டு போன் பெட்டிகள்தான். கியூ நீண்டு கிடந்தது. நின்று நின்று முன்னுக்கு வந்துவிட்டான். இன்னும் ஓர் ஆள்தான் என்றபோது திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பெட்டை படுக்கைப் பையைத் தோளில் சுற்றிக்கொண்டு பற்கள் அடிக்க நின்றாள். "நீங்கள் முதலில் போங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். பிறகு, கூட்டத்தில் நண்பர்களைத் தொலைத்துவிட்ட ஒருவனை விட்டான். பிறகு கைக்குழந்தையோடு நின்ற தாயை. மூன்றாவது ஆளை விடும்போது அது பழகிவிட்டது.

கியூவில் நிற்கிற சனத்துக்கு விற்கவென்று தட்டில் ரோல்ஸோடு வந்த பஸ்தியாம்பிள்ளை அவனைக் கண்டுவிட்டார்.

"டேய், முதல் வரேக்க போன் பெட்டியடியில நிண்டாய். இப்ப குப்பைத் தொட்டியடியில நிக்கிறாய். சனம் முன்னுக்குப் போகத்தானடா கியூவில நிக்கிறது. நீ பின்னுக்குப் போக நிக்கிறியோ?"

"அந்தப் பிள்ளை குளிரில நடுங்கினது, அண்ணை."

"வவுனியாவில ஒரு மனிசி வெயிலில நடுங்குது. ஓமெண்டாலும் சொல்லு, ஏலாதெண்டாலும் சொல்லு. வாயைப் பொத்திக்கொண்டு நிக்காதை."

கியூவில் முதல் ஆளாக நின்ற பொடியனிடம் இரண்டு ரோல்ஸைத் திணித்து, அவனுடைய இடத்தை வாங்கி, யோகராஜாவைப் பெட்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார் பஸ்தியாம்பிள்ளை.

தில்லையம்பலம்தான் எடுத்தார்.

"அம்மாவோ? அவ வெளிக்கிட்டிட்டா, தம்பி. இருட்டமுதல் தங்கிற இடத்துக்குப் போகவேணுமெல்லோ."

"நான் கியூவில..."

"பொம்பிளை கலாவதியின்ர தேப்பனும் வந்திருந்தவர். நிமிசத்துக்கு நிமிசம் மணிக்கூட்டைப் பாத்தார். 'பொடியனுக்கு விருப்பமில்லைப் போல' எண்டு எழும்பியும் விட்டார். அந்த நேரம் வேற ஆருக்கோ ஒரு கோல் வந்து கட் ஆகிப்போச்சு. உங்கட அம்மா என்னை ஒருக்காப் பாத்தா. நான் வாயே திறக்கேல்லை. போன் கூண்டுக்குள்ள போய், அந்தச் செத்த போனைக் காதில வச்சு, 'ஓம் மோனை... ஓம் மோனை, சந்தோசம் மோனை' எண்டு கதைச்சா. வெளியில வரேக்க கண்ணெல்லாம் தண்ணி. அந்தாளும் நம்பிக் கும்பிட்டுப்போட்டுப் போறார்."

யோகராஜாவின் மூச்சுப் பட்டுப் பெட்டியின் கண்ணாடி வெள்ளையாகிக்கொண்டு வந்தது.

"தம்பி, கேக்குதோ? இனி ஒண்டும் மாத்திச் சொல்லிப்போடாதேங்கோ. நாலு பேருக்கு முன்னால அந்த மனிசி சொல்லிப்போட்டுது. கம்பஸ் படிச்ச பிள்ளை, வாக்கு மாறமாட்டான் எண்டு எனக்கும் சொன்னவ."

போன் கார்டில் காசு மிச்சம் இருக்க, தொடர்பைத் துண்டித்தான். வெளியே வந்தபோது பஸ்தியாம்பிள்ளை வெறும் தட்டோடு நின்றார்.

"என்ன சொன்னனி?"

யோகராஜா கார்டைச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"ஓமெண்டு சொன்னனான், அண்ணை."

"அப்பிடிப் போடு, மாப்பிள்ளை!"

அவர் கியூ முழுவதற்கும் கேட்க ஆங்கிலத்தில் செய்தியை அறிவித்தார். போர்வைக்குள் விறைத்து நின்ற சனம் கைகளை வெளியே எடுத்துத் தட்டியது. திருவிழா முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது. அதுவரை ரோல்ஸ் வாங்க வந்தவர்கள் எல்லாரும் அவனுக்குக் கை கொடுத்து வாழ்த்தினார்கள். அவனும் எண்ணெய்க் கையைத் துடைத்துத் துடைத்து நீட்டினான்.