சாமை விதை குடியிருந்த முழவு

ஜவ்வாது மலையில் ஒரு பள்ளியின் தமிழாசிரியனாக நான் பணியேற்றது எழுபதுகளின் நடுவில். வைகறையில் நீராடித் திருநீறணிந்து, பதிகம் ஒன்றைப் பண்ணோடு ஓதிய பின்னரே அடுப்பு மூட்டுவது என் வழக்கம். என் குரல் இனியதென்று எவரும் சொன்னதில்லை.

"வாத்தியாரே, நீங்க பாட ஆரம்பிச்சீங்கன்னா எங்க வூட்டு ஆடெல்லாம் எழுந்துக்குதுங்க. சேவலுக்கு வேலையே இல்ல" என்பார் பக்கத்து வீட்டு அம்மையார். அதைப் பாராட்டாகவே ஏற்றுக்கொண்டேன்.

கணவர் மறைந்தபின் சாமைக் கொல்லையையும் புளியமரங்களையும் தனியாகவே பேணிவந்தவர் அவர். அச்சிற்றூரில் விதைப்பு நாளைச் சொல்லும் உரிமை அவர் வீட்டுக்கே உரியது. காரணம், அவ்வீட்டு உத்திரத்தில் கயிறு கட்டித் தொங்கிய ஒரு வட்டக் கலம். வாய் திறந்திருக்கும், அடியில் மட்டும் தோல். அதனுள் முதல் விதையென ஒரு கை சாமையை இட்டு வைத்திருப்பார். ஆனி மாதம் பிறந்துவிட்டால் நாள்தோறும் காலையில் அதை இறக்கி, முறத்தை அசைப்பதுபோல் அசைப்பார். விதைகள் தோலின்மேல் துள்ள, உள்ளிருந்து சரசரவென்று ஓர் அதிர்வு எழும்.

"அம்மா இன்னும் பேசிகினு கீறா. பேசி முடிக்கட்டும்" என்று சொல்லி மறுபடி தொங்கவிடுவார். என்றைக்கு அந்தச் சரசரப்பு அடங்கிப் பொத்தென்று மட்டும் கேட்கிறதோ, அன்றைக்கு அம்மன் வாய்மூடி மழைக்குச் செவிசாய்த்துவிட்டாள் என்று பொருள். ஊரே ஏரெடுக்கும். காற்றில் ஈரம் ஏறினால் தோல் தளரும் என்பதை நான் அறிவேன். ஆயினும் அவர் சொன்ன விளக்கமே எனக்கு உவப்பாக இருந்தது.

ஒருநாள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். தோலின் குறுக்கே நெருக்கமாக நரம்புகள் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. என் உள்ளம் துள்ளியது. உடுக்கையின் ஒரு முகத்தில் இப்படித்தானே நரம்பு கட்டுவார்கள்! இறைவன் ஆடுகையில் முழங்கியனவாகப் பழம்பாடல்கள் அடுக்கும் தக்கை, மொந்தை, குடமுழா ஆகியவற்றை வாயால் ஓதியிருக்கிறேனே தவிரக் கண்ணால் கண்டதில்லை. அவற்றுள் தக்கைதான் இது என்று முடிவு கட்டினேன். கரி படிந்த உடலில் பெயரோ எழுத்தோ எதுவும் இல்லாதது அதன் பழமைக்குச் சான்றாயிற்று. விளிம்பைச் சுற்றி இரும்புத் திருகாணிகள் இருந்தனவே என்றால், அவை பிற்காலத்தார் செப்பனிட்டபோது சேர்த்தவை என்று எனக்கு நானே உரை எழுதிக்கொண்டேன்.

அந்த உரை சந்தவாசலில் சிதறியது. அரிசி வாங்க மலையிறங்கியபோது, மாதா கோவில் பக்கத்துப் புளியமரத்தடியில் பேண்டு வாத்தியக்காரர்கள் ஒத்திகையை நிறுத்தித் தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர். ஒரு சைடு டிரம் கவிழ்ந்து கிடந்தது. அடித்தோல்; குறுக்கே நரம்புகள்; சுற்றிலும் திருகாணிகள். என் தக்கை!

என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். அதன் உடைமையாளர் திரும்பிப் பார்த்தார். ஐம்பதை நெருங்கியவர், அடர்ந்த மீசை.

"இன்னாங்கய்யா, டிரம்மப் பார்த்தா சிரிப்பு வருதா? அடிச்சாத்தான் எல்லாரும் சிரிப்பாங்க."

மலையில் தொங்கும் கலத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கையிலிருந்த தேநீர்க் குவளை அப்படியே நின்றது.

"எங்கப்பா ஒரு கல்யாணத்துக்கு மலைக்கு வாசிக்கப் போனாரு. அடமழையில மேல்தோலு கிழிஞ்சிபோச்சி. கிழிஞ்சத எவன் சுமக்கறதுன்னு தங்கன வூட்டுலயே வச்சிட்டு வந்துட்டாரு. எந்த வூடுன்னு கடைசி வரிக்கும் அவருக்கு நெனப்பு வரல. ஐயா, உள்பக்கம் ஒரு செப்பு ஒட்டு கீதா?"

"உள்ளே நான் பார்த்ததில்லை. அந்த வீட்டார் தவிர எவரும் கை வைக்கலாகாது."

"அரசெல மாதிரி வெட்டி அவரே வச்ச ஒட்டு. அது இருந்தா எங்க டிரம்மு. நான் வர்றேன்."

மறுநாளே வந்துவிட்டார். அவர் வந்த காரணத்தைச் சொன்னதும் அம்மையாரின் முகம் வாடியது. ஊர் இன்னும் விதைக்கவில்லை. அம்மன் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். என் தமிழாராய்ச்சி இப்படியா முடியவேண்டும் என்று நான் உள்ளுக்குள் பதறினேன். ஆனால் அம்மையார் எதையும் மறைக்கவில்லை.

"வச்சிட்டுப் போனவங்க வந்து கேட்டா குடுத்துடணும்னு எங்க மாமியா சொல்லிட்டுத்தான் செத்துச்சு. கைய கழுவிகினு வா தம்பி. உள்ள வுட்டுப் பாரு."

பேண்டுக்காரர் செருப்பைக் கழற்றி, கைகழுவி வந்து, கண்ணை மூடிக்கொண்டு கலத்தினுள் கைவிட்டார். விரல்கள் உட்சுவரைத் தடவிச் சுற்றிவந்தன. ஓரிடத்தில் நின்றன.

"கீது. காம்பு கூட கீது."

நானும் தடவிப் பார்க்க அனுமதி பெற்றேன். அரசிலையின் கூர்நுனி விரலில் பட்டது. பெயர் பொறிக்காத கலத்துக்கு ஒரு மகனின் விரல்நுனி பெயர் சொல்லிவிட்டது.

அம்மையார் கூழ் ஊற்றினார். மூவரும் உண்டோம். உச்சிப்பொழுது சாய்ந்தபோது மேற்கே கார்மேகம் கட்டிக் காற்று குளிர்ந்தது. "கடைசியா ஒரு தடவ கேட்டுக்கறேன்" என்று சொல்லி அம்மையார் கலத்தை அசைத்தார்.

பொத்.

அவர் மறுபடி அசைத்தார். சரசரப்பே இல்லை. அம்மையார் வாயைப் பொத்திக்கொண்டார். பேண்டுக்காரருக்கோ அது வேறொன்றாகக் கேட்டிருக்கிறது. தளர்ந்த தோலைக் கேட்டால் வாத்தியக்காரர் கை சும்மா இருக்குமா? இடுப்பிலிருந்து திருகுசாவியை எடுத்து, "தோலு எறங்கிப்போச்சிக்கா. ரெண்டு முறுக்கு முறுக்கினா கணீர்னு..." என்று திருகாணியில் வைத்தும்விட்டார்.

"அய்யய்யோ, முறுக்காத!" அம்மையார் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். "அது தளரணும்னுதான் ஊரே ஒரு மாசமா காத்துகினு கீது! நீ முறுக்கிட்டா அவ மறுபடி பேச ஆரம்பிச்சிடுவா. ஆடி போயிடும், ஆவணி போயிடும், நாங்க இன்னாத்த துன்றது?"

அவர் சாவியைப் பிடித்தபடி விழித்தார். நான் விளக்கிச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. இறுதியில் சுவரில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார்.

"எந்த ஊருல டிரம்மு தளர்ந்தாலும் எங்களத் திட்டுவாங்க. தளர்ந்தா கையெடுத்துக் கும்புடற ஊர இன்னிக்குத்தான் பாக்கறேன்!"

சிரித்து ஓய்ந்தபின், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கலத்தைத் தம் கையாலேயே உத்திரத்தில் மாட்டினார்.

"தோலு கிழிஞ்சி எங்கியோ செத்துக் கெடக்குதுன்னுதான் எங்கப்பா வருத்தப்பட்டுக்கினே போனாரு. இது இன்னும் டூட்டியில கீது. டூட்டியில கீறவர நான் எப்பிடிக்கா கூப்டுகினு போறது?"

அம்மையார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளித் தெருவுக்குப் போய், "அம்மா வாய மூடிட்டாடோய்! ஏரக் கட்டுங்கடா!" என்று குரல் கொடுத்தார். வீட்டுக்கு வீடு கதவுகள் திறந்தன. பேண்டுக்காரரை மழை பாதி மலையில் பிடித்துக்கொண்டது. முழங்கால்வரை சேற்றோடு பேருந்தில் ஏறியதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார் என்று பின்னர் அறிந்தேன்.

அதன்பின் ஆண்டுதோறும் விதைப்புக்கு முன்பு புது நரம்பு கொண்டுவந்து அவரே மாட்டிவிடுவார். திருகாணியை மட்டும் தொடமாட்டார். திரும்புகையில் அவர் பையில் புதுச் சாமை இருக்கும். என்னைக் கண்டால், "ஐயா, உங்க தக்கை எப்பிடி கீதுங்க?" என்று கண்சிமிட்டுவார்.

நானும் விடவில்லை. ஐயன் ஆடும்போது முழங்குவது எதுவாயினும் அது தக்கைதான் என்பதே இன்றும் என் கட்சி. அன்று அந்த மலையில் அவன் ஆடினான். நான் மழையாகக் கண்டேன்.