முதல் பக்கத்தில் இரண்டு பெயர்கள்

ஃபக்ருன்னிசா எங்கே இருக்கிறாள் என்று எங்கள் பசுந்தாங் பேட்டையில் யாரிடம் கேட்டாலும் தெரியாது என்பார்கள். மா சான் சான் வின் என்று கேளுங்கள், மூன்றாவது மாடி என்று கை காட்டுவார்கள். இரண்டும் ஒரே ஆள்தான். பர்மாத் தமிழர்களான எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு இப்படித்தான். வீட்டுக்கு ஒரு பெயர். பள்ளிக்கூடத்துக்கும் அடையாள அட்டைக்கும் ஒரு பர்மியப் பெயர். வாசலில் செருப்பை மாட்டும்போதே வெளிப் பெயரையும் மாட்டிக்கொண்டு கிளம்புவோம். அதைப் பற்றி யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை.

அவள் மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்று, பட்டச் சான்று என்று வெளிநாடு போகிறவர்கள் கொண்டுவரும் பர்மியக் காகிதங்களை ஆங்கிலமாக்கித் தருவாள். வேலை கொடுப்பது ஒரு சின்ன நிறுவனம். அங்கே மேலாளரான டோ லே லே மோன் என்ற அம்மாள் வைத்ததுதான் சட்டம். பல வருஷமாக வைபர் செயலியில் குரல் செய்தி மட்டும்தான், முகம் பார்த்ததில்லை. கறாரான பர்மிய மொழியில் பிழை சொல்வார். பாராட்டு என்ற பேச்சே கிடையாது. போன மழைக்காலத்தில் அவர் அனுப்பும் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. ஃபக்ருன்னிசாவின் கணவர் சாதிக் பாட்சாவோ கடிகாரக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். ஆட்கள் நேரடியாக அவளைத் தேடி வந்தால்தான் குடும்பம் நகரும்.

அதற்காக ஓர் இணைப்புப் பக்கம் செய்து வைத்திருந்தாள். ஃபேஸ்புக், வைபர், மின்னஞ்சல் என்று வரிசையாகப் பொத்தான்கள், ரோஜா நிறப் பின்னணி. பார்க்கத்தான் ஆளில்லை. நான் கடைகளுக்கு வலைத்தளம் செய்து பிழைக்கிறவன், அவளுக்குக் கீழ்மாடி. என்னைப் பிடித்துக்கொண்டாள். பர்மிய வழக்கில் 'கோ', அதாவது அண்ணன், என்றுதான் என்னைக் கூப்பிடுவாள்.

"கோ ஆபிரகாம், என் பேரை கூகுள்ல அடிச்சா யார் யாரோ வர்றாங்க. நான் மட்டும் வரமாட்டேங்குறேன்."

நானும் அடித்துப் பார்த்தேன். டாக்டர் சான் சான் வின், நகைக்கடை சான் சான் வின், தலைமையாசிரியை சான் சான் வின். குடும்பப் பெயர் என்று ஒன்று ஒட்டாத ஊர் இது. தெருவுக்கு நாலு பேர் அதே பெயரில் இருப்பார்கள். எங்கள் மூன்றாவது மாடிக்காரியைக் காணவே காணோம்.

எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. "பொத்தானை மட்டும் அடுக்கி வச்சா அந்த எந்திரத்துக்குப் படிக்க என்ன இருக்கு? நீங்க யாரு, என்ன வேலை, எந்த ஊருன்னு வாக்கியமா எழுதுங்க" என்றேன். எழுதினாள். ஆட்கள் தேடுகிற சொற்களைத் தலைப்பில் வைத்தோம். பழைய வாடிக்கையாளர் சிலர் தங்கள் பக்கங்களிலிருந்து இவளுக்கு இணைப்புக் கொடுத்தார்கள். மின்சாரம் வருகிற நேரம் பார்த்து இவ்வளவையும் முடித்தும், தேடலில் ஐந்தாம் பக்கத்தில்தான் தலை தெரிந்தது. அவ்வளவு தூரம் யார் வருவார்கள்?

அப்போதுதான் விளையாட்டாக இரண்டு பெயரையும் சேர்த்து அடித்தேன். ஃபக்ருன்னிசா சான் சான் வின். உலகத்தில் அப்படி ஒருவருமே இல்லை.

"இதையே எல்லா இடத்துலயும் போடுங்க. கேள்விப்பட்டு வர்றவங்க தேடினா நீங்கதான் முதல்ல நிப்பீங்க."

சாதிக் பாட்சாவுக்கு முகம் மாறிவிட்டது. "வெளிப் பேரு வெளிய, வீட்டுப் பேரு வீட்டுல. அந்தம்மா பார்த்துட்டு இருக்கிற வேலையையும் நிறுத்திட்டா என்ன செய்யறது?"

அவர் பயந்ததில் தப்பில்லை. பெயரைக் கேட்டதும் வீடு காலியில்லை என்று சொன்னவர்களை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

சில நாள் கழித்து ஒரு காலையில் ஃபக்ருன்னிசா என் கதவைத் தட்டினாள். "ஊர்ல உள்ளவங்க பேரையெல்லாம் ஒரு எழுத்துக் குறையாம எழுதிக் குடுக்கிறேன். என் பேரை நான் எங்கயுமே எழுதினதில்ல. போட்டுடுங்க." செய்யும் மொழிகளில் தமிழையும் சேர்க்கச் சொன்னாள்.

மாதம் முடிவதற்குள் அந்த இரட்டைப் பெயருக்கான தேடலில் முதலாவதாக வந்துவிட்டாள். மாவ்பி என்ற ஊரிலிருந்து ஒரு குடும்பம் காகிதங்களோடு வந்தது. அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு நாங்கள் மூவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. டோ லே லே மோன். எப்போதும் செய்திதான் அனுப்புவார், தானாக அழைக்க மாட்டார். சாதிக் பாட்சா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அவள் ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"உன் பக்கத்தைப் பார்த்தேன். அந்த இன்னொரு பெயரும் உன்னுடையதா?" என்று பர்மிய மொழியில் கேட்டார்.

"ஆமாம்" என்றாள் அவளும் பர்மிய மொழியில்.

வேலை போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். ஏன் இந்த யோசனையைச் சொல்லித் தொலைத்தேன் என்று எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

பிறகு தமிழ் வந்தது. மெதுவாக, சொல்லைத் தேடித் தேடி.

"நா அருள்ஜோதிம்மா. தாகேதாக்காரி. இத்தன வருஷமா ஒன்னத் திட்டிக்கிட்டு இருந்தேனே, ஒரு வார்த்த தமிழ்ல திட்டியிருக்கலாம்ல?"

ஃபக்ருன்னிசா சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், அழுகையில் போய் முடிந்தது. அந்த அம்மாள் விடாமல் பேசினார். வேலை எல்லோருக்கும்தான் குறைந்ததாம், இவளுக்கு மட்டுமில்லையாம். வருகிறதில் இவள் பங்கு இவளுக்கு வந்துகொண்டே இருக்குமாம். சாதிக் பாட்சா தலையை அண்ணாந்து பெருமூச்சு விட்டார்.

சந்தோஷத்தில் அவள் கேட்டாள். "அக்கா, உங்களுக்கும் இதே மாதிரி ஒரு பக்கம் போட்டுத் தரவா? ரெண்டு பேரையும் சேர்த்து?"

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"வேணாம்மா. எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் மூணு வருஷம் இருக்கு" என்றார் அருள்ஜோதி. "அதுவரைக்கும் அந்தப் பேரைச் சொல்லி நீ மட்டும் கூப்பிடு."